ஐந்து பெண் செடிகளும் ஒரு ஒற்றனும்

எல்லாம் ஏழாவது மாடி பால்கனியில ஆரம்பிச்சது.

பெங்களூர்ல இருக்கிற ஐடிக்காரனுக்கு ஒரு வயசுக்கு மேல ரெண்டு வியாதி வரும். ஒண்ணு முதுகுவலி, இன்னொண்ணு தோட்டக்கலை. எனக்கு ரெண்டும் ஒரே வருஷத்துல வந்துச்சு. நர்சரியில இருந்து ரெண்டு ஸ்ட்ராபெர்ரி செடி வாங்கி வந்து தொட்டியில வெச்சேன். பூ பூத்தது. ஆகா, நம்ம கையும் ராசியான கைதான்னு நினைச்சேன். பழம் வந்துச்சு பாருங்க... ஒரு பக்கம் உப்பி, இன்னொரு பக்கம் சூம்பி, நுனியில பச்சைக் கொட்டையெல்லாம் கொத்தா சேர்ந்து, அடிபட்ட மூக்கு மாதிரி ஒரு ஐட்டம். பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன் அதைப் பார்த்துட்டு "அங்கிள், இதுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டான்.

ஆபீஸ்ல ஒரு சீனியர் அக்கா இருக்காங்க, மொட்டை மாடியில பாதி காய்கறி மார்க்கெட்டே வெச்சிருக்காங்க. அவங்க கிட்ட போட்டோ காட்டினேன். ஒரு நிமிஷம் கூட யோசிக்கலை. "ஏழாவது மாடிக்குத் தேனீ எங்கப்பா வரும்? பெயின்ட் பிரஷ் வெச்சு நீயே பூவைத் தடவி விடு" அப்படின்னாங்க.

ஒரு பழம் கோணலா வர்றதுக்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம்னு தேட ஆரம்பிச்சவன், ரெண்டு வாரம் கழிச்சு 1712-ல சிலி நாட்டுக் கடற்கரையில போய் நின்னேன். நமக்கு ஒரு வேலையை நேரா செஞ்சு பழக்கமே இல்லை :-)

சரி, மேட்டருக்கு வருவோம். இன்னைக்கு நாம சாப்பிடுற பெரிய ஸ்ட்ராபெர்ரி (மகாபலேஷ்வர் டப்பாவோ, ஊட்டி ரோட்டோரக் கூடையோ, எதுவா இருந்தாலும்) 18ஆம் நூற்றாண்டுக்கு முன்னாடி உலகத்துலயே கிடையாது. அரிசி, மா, வாழை மாதிரி ஆயிரக்கணக்கான வருஷக் கதை இல்லை இது. ஷாஜகானும் சாப்பிட்டிருக்க முடியாது, ஷேக்ஸ்பியரும் சாப்பிட்டிருக்க முடியாது. அவர் காலத்து இங்கிலாந்துல ஸ்ட்ராபெர்ரின்னா நம்ம சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிற காட்டுப் பழம். வாசனை அபாரமா இருக்கும், ஆனா ஒரு கிண்ணம் நிரப்பறதுக்குள்ள இடுப்பு போயிடும். பிரான்ஸ் ராஜா ஐந்தாம் சார்லஸ் 1368-ல லூவ்ர் அரண்மனைத் தோட்டத்துல 1200 செடி நட்டு வெச்சாராம். காட்டுல இருந்து பிடுங்கித் தோட்டத்துல வெச்சதோட சரி, அளவு அதே அளவுதான்.

இப்போ ஒற்றன் வர்றான்.

அமெதே பிரான்சுவா ஃப்ரெசியே. 1682-ல பிறந்தவர், பிரெஞ்சு ராணுவத்துல கோட்டை கட்டுற இன்ஜினியர். (நம்ம ஆளு!) பதினாலாம் லூயி ராஜாவுக்கு அப்போ தென் அமெரிக்கா மேல ஒரு கண்ணு. ஸ்பெயின்காரங்க அங்கே சிலியிலயும் பெருவிலயும் எந்தத் துறைமுகத்துல எத்தனை பீரங்கி வெச்சிருக்காங்க, கோட்டைச் சுவர் எவ்வளவு தடிமன் இதெல்லாம் தெரியணும். ஆக, 1712 ஜனவரியில ஃப்ரெசியே ஒரு வியாபாரி வேஷத்துல சான் மாலோ துறைமுகத்துல கப்பல் ஏறினார். கோட்டைகளைச் சுத்திப் பார்க்குற டூரிஸ்ட் மாதிரி போய், ராத்திரி ரூமுக்கு வந்து வரைபடம் போடறது. இதான் வேலை.

போன இடத்துல அவர் கண்ணுல பட்டது பீரங்கி மட்டும் இல்லை. கான்செப்சியோன் ஊரைச் சுத்தி வயல் வயலா ஒரு ஸ்ட்ராபெர்ரி. இலை தடிமனா, ரோமமா. பழம் அக்ரூட் கொட்டை அளவு, சிலது கோழி முட்டை அளவு, நிறம் வெளுத்த சிவப்பு. அங்கே இருந்த மப்புச்சே மக்கள் ஸ்பெயின்காரன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இதைத் தேர்ந்தெடுத்து, பயிராக்கி, பெரிசாக்கி வெச்சிருந்தாங்க. பெரிய பழம்ங்கிற பாதி வேலை அங்கேயே முடிஞ்சிருச்சு. இதைச் சொல்லாம "ஐரோப்பா கண்டுபிடித்த ஸ்ட்ராபெர்ரி"ன்னு எழுதுறவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

இன்னொரு கூத்து, ஃப்ரெசியேங்கிற பேரே பிரெஞ்சு மொழியில ஸ்ட்ராபெர்ரிக்கு இருக்கிற 'ஃப்ரேஸ்'ங்கிற வார்த்தையில இருந்து வந்தது. மூதாதை ஒருத்தர் ராஜாவுக்கு ஸ்ட்ராபெர்ரி கொடுத்துப் பட்டம் வாங்கினார்னு அவங்க குடும்பத்துல ஒரு கதை. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

மனுஷன் கொஞ்சம் செடிகளைத் தொட்டியில வெச்சுக் கப்பல்ல ஏத்தினார். திரும்பி வர ஆறு மாசம் ஆச்சு. நடுக்கடல்ல குடிதண்ணி தங்கம் மாதிரி. மாலுமிக்கே அளந்துதான் ஊத்துவாங்க, அதுல செடிக்கு வேற ஊத்தணும்னா யாருக்குக் கோபம் வராது? 1714 ஆகஸ்ட்ல மார்சேய் துறைமுகத்துல இறங்கினப்போ ஐந்து செடி உயிரோட இருந்துச்சு. தண்ணி கொடுக்க ஒத்துக்கிட்ட கப்பல் சரக்கு அதிகாரிக்கு ரெண்டு. பாரிஸ்ல ராஜாவோட தோட்டத்துல இருந்த அந்துவான் தெ ஜுஸ்யூங்கிற தாவரவியல் நிபுணருக்கு ஒண்ணு. தன்னோட மேலதிகாரிக்கு ஒண்ணு (எந்தக் காலத்திலயும் மேனேஜரை மறக்கக் கூடாது). தனக்கு ஒண்ணு.

ஸ்ட்ராபெர்ரி செடிக்கு ஒரு சவுகரியம், விதை போட வேண்டியதில்லை. தாய்ச் செடியில இருந்து தரையோட ஓடுதண்டு கிளம்பும், கணுவுக்குக் கணு வேர் விட்டுப் புதுச் செடி. ஒண்ணு பத்தாகும், பத்து நூறாகும். சீக்கிரமே ஐரோப்பாவின் பெரிய தோட்டங்கள்ல எல்லாம் சிலி ஸ்ட்ராபெர்ரி. தளதளன்னு இலை, பெரிய வெள்ளைப் பூ.

பழம்? காய்க்கலை. எங்கேயாவது ஒண்ணு ரெண்டு, அதுவும் என் பால்கனிப் பழம் மாதிரி சூம்பிப் போய்.

மண்ணு சரியில்லைன்னாங்க. குளிர் ஒத்துக்கலைன்னாங்க. உரம் மாத்தினாங்க, இடம் மாத்தினாங்க. ஒரு பக் ப்ரொடக்‌ஷன்ல இருக்கு, லாக்ல ஒண்ணும் இல்லை, ஆளாளுக்கு ஒரு தியரி. எனக்கு இந்தக் காட்சியைப் படிக்கிறப்போ எங்க டீம் மீட்டிங் ஞாபகம்தான் வந்துச்சு. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, இந்த டிக்கெட் கிட்டத்தட்ட 50 வருஷம் ஓப்பன்லயே இருந்தது.

காரணம் ரொம்பச் சின்னது. சிலி ஸ்ட்ராபெர்ரியில ஆண் செடி தனி, பெண் செடி தனியா வர்றது உண்டு. ஃப்ரெசியே மூலமா ஐரோப்பாவுக்கு வந்து பரவினது பூராவும் பெண். ஓடுதண்டுல வர்ற குட்டி தாயோட நகல்ங்கிறதால, அந்த ஐந்துல இருந்து எத்தனை ஆயிரம் செடி ஆக்கினாலும் அத்தனையும் பெண். மகரந்தம் கொடுக்க ஒரு ஆண் கூட ஐரோப்பாக் கண்டத்துல இல்லை.

ஏன் பெண்ணை மட்டும் எடுத்து வந்தார்? அவர் இடத்துல யார் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. வயல்ல நின்னு பார்க்குறப்போ பெரிய பழம் தொங்குற செடியைத்தானே கை தேடும்? பழமே இல்லாத செடியைப் பிடுங்கி, ஆறு மாசம் தண்ணிக்குச் சண்டை போட்டுக் கொண்டு வர எவனுக்குத் தோணும்?

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன்.

எங்க ஊர் வத்தலக்குண்டு பக்கம். தாத்தா கொஞ்ச நிலத்துல பப்பாளி போட்டிருந்தார். நான் ஏழாவது முழுப்பரீட்சை லீவுல போயிருந்தேன். தோட்டத்துல அங்கங்கே சில மரம் மட்டும் காயே இல்லாம, நீளக் காம்புல கொத்துக் கொத்தாப் பூ மட்டும் தொங்க நின்னுச்சு. தண்ணியையும் உரத்தையும் சும்மா குடிச்சுட்டு நிக்குதேன்னு எனக்கு ஒரு கடமை உணர்ச்சி. தாத்தா சந்தைக்குப் போயிருந்த நேரம் அரிவாளை எடுத்து ஒண்ணு விடாம வெட்டிச் சாய்ச்சுட்டேன். பப்பாளி மரம்தான் தெரியுமே, சோளத்தட்டை மாதிரி, ஒரே போடு. சாயங்காலம் அவர் வந்ததும் ஓடிப்போய், "தாத்தா, மலட்டு மரத்தையெல்லாம் எடுத்துட்டேன்"னு பெருமையா சொன்னேன்.

அவர் திட்டலை. தோட்டத்தை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "மலடு இல்லடா, அது கடுவன். பதினஞ்சு இருபதுக்கு ஒண்ணு நிக்கணும்னுதான் விட்டு வெச்சேன்"ன்னு மட்டும் சொன்னார். அந்தத் தடவை பூவும் பிஞ்சுமா உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தா தினமும் காலையில மரத்தடியில கிடக்குறதை அள்ளி ஆட்டுக்குப் போடும், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாது. திட்டியிருந்தா கூடப் பரவாயில்லை.

பனைமரத்துல ஆண்பனை, பெண்பனை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஐரோப்பாவுலயும் விஷயம் தெரியாம இல்லை. செடிகளுக்கும் ஆண் பெண் உண்டு, மகரந்தம் இல்லாம விதை இல்லைன்னு கமேராரியுஸ்ங்கிற ஜெர்மன்காரர் 1694-லயே சோதனை பண்ணி எழுதிட்டார். 1749-ல பெர்லின்ல கிளெடிட்ச்னு ஒருத்தர், பல வருஷமா காய்க்காம நின்ன ஒரு பெண் பனைக்கு லைப்சிக் நகரத்துல இருந்து ஆண் மகரந்தத்தை வரவழைச்சுத் தூவி, காய்க்க வெச்சே காட்டினார். ஆனா ஸ்ட்ராபெர்ரி? அது காலங்காலமா ஒரே பூவுல ஆணும் பெண்ணும் இருக்கிற செடின்னு எல்லாருக்கும் 'தெரியும்'. காட்டு ஸ்ட்ராபெர்ரி அப்படித்தானே இருக்கு? தெரிஞ்ச ஒண்ணை யாரும் திரும்பப் போய்ச் செக் பண்ண மாட்டாங்க.

இதுக்கு நடுவுல பிரான்ஸின் மேற்குக் கோடியில, பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் பக்கம் ப்ளூகஸ்தெல்னு ஒரு ஊர். அங்கே இருந்த விவசாயிகள் சிலி ஸ்ட்ராபெர்ரி வரிசைக்கு நடுவுல வேற ரக ஸ்ட்ராபெர்ரிகளையும் கலந்து நட்டா காய்க்குதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. ஏன் காய்க்குதுன்னு யாரும் தாவரவியல் பேசலை. காய்க்குது, அவ்வளவுதான். ரூட் காஸ் தெரியாத ஒரு அருமையான வொர்க்கரவுண்ட். 19ஆம் நூற்றாண்டுல அந்த ஊர்ப் பழம் கப்பல் ஏறி இங்கிலாந்து வரைக்கும் போச்சு. இப்பவும் அங்கே ஸ்ட்ராபெர்ரிக்குன்னு ஒரு மியூசியம் இருக்கு.

ரூட் காஸ் கண்டுபிடிச்சது ஒரு பையன். அந்துவான் நிகோலா துஷேன், 1747-ல பிறந்தவன். அப்பாவுக்கு வெர்சாய் அரண்மனைக் கட்டடங்களைப் பார்த்துக்கிற உத்தியோகம். பையன் அரண்மனைத் தோட்டத்துலயே சுத்திச் சுத்தி வளர்ந்தான். அவனுக்கு வழி காட்டினது பெர்னார் தெ ஜுஸ்யூ. ஃப்ரெசியே கிட்ட ஒரு செடி வாங்கினாரே அந்துவான் தெ ஜுஸ்யூ, அவரோட தம்பி.

துஷேன் முதல்ல பார்த்தது சிலி ஸ்ட்ராபெர்ரியை இல்லை, ஐரோப்பாவுலயே இருந்த இன்னொரு ரகத்தை. பிரெஞ்சுல அதுக்குக் கப்ரோன்னு பேரு, கஸ்தூரி வாசனை அடிக்கும். அதுல எப்பவும் சில செடி காய்க்காது. தோட்டக்காரங்க அதையெல்லாம் மலடுன்னு சொல்லிப் பிடுங்கிப் போட்டுட்டு இருந்தாங்க. (என் அரிவாள்!) பிடுங்கப் பிடுங்க, மிச்சம் இருக்கிற செடியும் காய்க்கிறது குறையும். துஷேன் பூவைப் பிரிச்சுப் பார்த்தான். 'மலட்டு'ச் செடியில மகரந்தப் பை நிறைய மகரந்தம் இருக்கு, சூலகம் ஒழுங்கா வளரலை. காய்க்கிற செடியில சூலகம் இருக்கு, மகரந்தம் இல்லை. ரெண்டையும் சேர்த்து வெச்சாத்தான் பழம்.

அப்புறம் சிலிச் செடியோட பூவைப் பார்த்தான். மகரந்தப் பை இருக்க வேண்டிய இடத்துல வெறும் சக்கை.

ஒரு சிலிச் செடியை எடுத்து, அதுக்குக் கப்ரோன் ஆண் செடியோட மகரந்தத்தைப் போட்டான். 1764 ஜூலை 6-ஆம் தேதி, முழுசாப் பழுத்த பெரிய சிலிப் பழங்களோட அந்தச் செடியைப் பதினைந்தாம் லூயி ராஜா முன்னாடி கொண்டு போய் வெச்சான். அவனுக்குப் பதினேழு வயசு கூட முடியலை. ராஜா அசந்து போய், ஐரோப்பாவுல எங்கெங்கே என்ன ஸ்ட்ராபெர்ரி இருக்கோ அதையெல்லாம் சேகரிச்சு த்ரியனோன் தோட்டத்துல வைக்கச் சொல்லி அனுமதி கொடுத்தார். நான் பதினேழு வயசுல பிளஸ் டூ ரிசல்ட்டுக்காக முருகனை வேண்டிக்கிட்டு இருந்தேன்.

இந்த இடத்துல ஒரு நுணுக்கம் இருக்கு, எனக்கு இதைப் புரிஞ்சுக்க ரெண்டு நாள் ஆச்சு. ராஜா பார்த்த பழம் கலப்பினம் இல்லை. ஸ்ட்ராபெர்ரியில நாம சாப்பிடுற சதை, உண்மையில பூவோட அடிமேடை. தாய்ச் செடியோட சொந்த உடம்பு. மேல ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன 'விதை'தான் அசல் கனி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு விதை. அந்த விதைக்குள்ளதான் அப்பாவோட பங்கு இருக்கும். மகரந்தம் சேர்ந்த விதை ஒவ்வொண்ணும் ஒரு ஹார்மோனை விடும், அது படுற இடத்துல சதை உப்பும். 1950-ல நித்ஷ்ங்கிற விஞ்ஞானி பிஞ்சுல இருந்து விதைகளை மட்டும் கிள்ளி எடுத்துப் பார்த்தார். விதை இருந்த இடம் மட்டும் வளர்ந்துச்சு, எடுத்த இடம் அப்படியே நின்னுபோச்சு. என் பால்கனிப் பழத்தோட கோணல் மூக்குக்கும் இதான் காரணம். ஒரு பக்கம் மட்டும் மகரந்தம் பட்டிருக்கு.

ஆக, துஷேன் காட்டினது "மகரந்தம்தான் பிரச்சினை"ங்கிறதுக்கு நிரூபணம். அந்த விதைகளை வெச்சு ஒரு புது ரகம் உண்டாக்கணும்னா கதை வேற. ஏன்னு 1920கள்லதான் தெரிஞ்சது, குரோமோசோமை எண்ண ஆரம்பிச்ச பிறகு. ஸ்ட்ராபெர்ரிக்கு அடிப்படை எண் 7. காட்டு ஸ்ட்ராபெர்ரியில அது ரெண்டு செட், மொத்தம் 14. கப்ரோன் ஆறு செட், 42. சிலி எட்டு செட், 56. ஆறு செட் ஆணும் எட்டு செட் பெண்ணும் சேர்ந்தா பிள்ளைக்கு ஏழு செட். ஒற்றைப்படை. அடுத்த தலைமுறைக்குப் பாதியா பிரிக்கும்போது ஜோடி சேராம ஒண்ணு நிக்கும், அதனால அந்த வம்சம் பெரும்பாலும் மலட்டுல போய் முடியும். நம்ம பாஷையில சொன்னா, கம்பைல் ஆகும், ரிலீஸ் பண்ண முடியாது.

அப்போ சரியான அப்பா யாரு? அது ஏற்கெனவே ஐரோப்பாவுல இருந்துச்சு. வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துக் காட்டு ஸ்ட்ராபெர்ரி, வர்ஜீனியாங்கிற பேர்ல. 17ஆம் நூற்றாண்டுலயே வந்து சேர்ந்தது. பழம் சின்னது, ஆனா நல்ல சிவப்பு, நல்ல மணம். அதுக்கும் எட்டு செட், 56. சிலியோட ஒண்ணுவிட்ட சகோதரன்தான், ரொம்பக் காலம் முன்னாடி பிரிஞ்ச வம்சம். ஒண்ணு பசிபிக் கரையோரம் போய், பறவை வயித்துல ஏறிச் சிலி வரைக்கும் சேர்ந்தது. இன்னொண்ணு கிழக்கே பரவிச்சு. இந்தக் கிழக்குச் சொந்தமும் சிலிச் சொந்தமும் ஐரோப்பாவுல ஏதோ ஒரு தோட்டத்துல அடுத்தடுத்த பாத்தியில உட்கார்ந்திருந்துச்சு. மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கிச்சு.

18ஆம் நூற்றாண்டின் நடுவுல திடீர்னு ஒரு புது ஸ்ட்ராபெர்ரி தோட்டங்கள்ல தலைகாட்டுது. சிலியோட அளவு, வர்ஜீனியாவோட நிறம், அன்னாசிப்பழம் மாதிரி ஒரு வாசனை. அதனால 'அன்னாசி ஸ்ட்ராபெர்ரி'ன்னு பேரு. எங்கே இருந்து வந்துச்சுன்னு ஆளுக்கொரு கதை. துஷேன் 1766-ல, இருபது வயசு கூட ஆகாதப்போ, ஸ்ட்ராபெர்ரிகளோட இயற்கை வரலாறுன்னு ஒரு முழுப் புத்தகம் எழுதினான். அதுல இது சிலிக்கும் வர்ஜீனியாவுக்கும் பிறந்த பிள்ளைன்னு எழுதினான். இன்னைக்கு உலகம் முழுக்க விக்கிற தோட்ட ஸ்ட்ராபெர்ரிக்கு விஞ்ஞானப் பேரே இன்னும் 'அனனாசா'தான்.

அந்தப் புத்தகத்துல இன்னொண்ணும் இருக்கு. எந்த ரகம் எதுல இருந்து பிரிஞ்சதுன்னு ஒரு வம்சாவளிப் படம். நம்ம கிட்ஹப் பிராஞ்ச் கிராஃப் மாதிரி. அவன் தோட்டத்துலயே காட்டு ஸ்ட்ராபெர்ரி விதையில இருந்து, மூணு இலைக்குப் பதிலா ஒத்தை இலையோட ஒரு புதுச் செடி முளைச்சிருந்தது. அந்தக் குணம் விதை வழியாவும் தொடருதுன்னு பார்த்தான். கடவுள் படைச்சது அப்படியே இருக்கும், மாறாதுன்னு எல்லாரும் நம்பின காலத்துல, டார்வினுக்கு கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடி, ஒரு பையன் இதைக் கண்ணால பார்த்துக் குறிச்சு வெச்சிருக்கான்.

இவ்வளவு தெளிவா எழுதி வெச்சாச்சு. பிரச்சினை தீர்ந்துச்சா?

அமெரிக்காவுக்கு வாங்க. 1830கள்ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல சார்லஸ் ஹவிங்கிறவர் திட்டமிட்டுக் கலப்பு செஞ்சு ஒரு ஸ்ட்ராபெர்ரி கொண்டு வந்தார். அவர் பேரையே வெச்சாங்க, 'ஹவி'. பெரிய பழம், அமோக விளைச்சல், ஊரெல்லாம் அதே பேச்சு. வாங்கிட்டுப் போய் அதை மட்டும் தனியா நட்டவங்களுக்குப் பழமே வரலை. ஏன்னா ஹவி ஒரு பெண் ரகம்! சின்சினாட்டியில நிக்கலஸ் லாங்வொர்த்னு ஒரு பெரிய பணக்காரர், திராட்சைத் தோட்டமும் ஒயினும்தான் தொழில். அவர் தோட்டத்து ஸ்ட்ராபெர்ரி சரியா காய்க்காது, அதே ஊர்ல ஒரு சாதாரண மார்க்கெட் தோட்டக்காரருக்கு மட்டும் கூடை கூடையா வரும். அந்தத் தோட்டக்காரர் ரகசியத்தை வாயே திறக்கலை. ஒரு நாள் அவரோட மகன்தான் செடியில ஆண் பெண் இருக்கிற விஷயத்தைப் பேச்சுவாக்குல போட்டு உடைச்சுட்டான். அந்த வீட்டுல அன்னைக்கு ராத்திரி என்ன நடந்திருக்கும்னு நினைச்சுப் பார்க்கிறேன் :-)

லாங்வொர்த் இதைப் பத்திரிகையில எழுத, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு ஹவி தன் பத்திரிகையில மறுக்க, 1840கள்ல வருஷக் கணக்குல சண்டை. தன் கையால உருவாக்கின ரகம் பெண்ணுங்கிறதை ஹவியே ஒத்துக்க மாட்டேன்னார். துஷேன் புத்தகம் வந்து அப்போ 80 வருஷம் ஆச்சு. டாக்குமென்டேஷன் எழுதினா போதாது, எவனாவது படிக்கணும்.

இதுக்குள்ள இங்கிலாந்துல வேலை வேகமா நடந்துட்டிருந்தது. தாமஸ் ஆண்ட்ரூ நைட் 19ஆம் நூற்றாண்டின் முதல் இருபது வருஷத்துல முறையா கலப்பு செய்ய ஆரம்பிச்சார். ஐஸில்வர்த்ல மைக்கேல் கீன்ஸ்னு ஒரு மார்க்கெட் தோட்டக்காரர் 1821-ல காட்டின 'கீன்ஸ் சீட்லிங்' பழத்தைப் பார்த்து லண்டனே வாய் பிளந்துச்சு. ஆனா ஆண்-பெண் தலைவலியை வியாபாரத்துல இருந்து ஒழிச்சது ஜேம்ஸ் வில்சன். நியூயார்க் மாநிலத்துல ஆல்பனி நகரத்துக்காரர். 1851-ல அவர் கண்டெடுத்த 'வில்சன்' ரகத்துல ஆணும் பெண்ணும் ஒரே பூவுல இருந்துச்சு. தனியா நட்டாலும் காய்க்கும், பழம் கெட்டியா இருக்கும், ரயில்ல அனுப்பலாம். அதுக்கப்புறம் வந்தவங்க இருபால் பூ உள்ள செடியாவே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாங்க. என் பால்கனியில இருக்கிறதும் அந்த வம்சம்தான். அதனாலதான் ரெண்டு செடி வெச்சே எனக்கு ஒரு மூக்காவது கிடைச்சுது.

இப்போ ஒரு ரகம் எப்படி உருவாக்குறாங்கன்னு பார்த்தா, அடிப்படை துஷேன் பண்ணினதுதான். பூ விரியறதுக்கு முன்னாடி சின்ன இடுக்கியால மகரந்தப் பைகளை எடுத்துடணும், இல்லைன்னா தன் மகரந்தமே தனக்குப் பட்டுரும். வேணும்கிற அப்பாவோட மகரந்தத்தைப் பிரஷ்ல தடவி மூடி வைக்கணும். பழுத்ததும் விதையைப் பிரிக்க மிக்ஸியில ஒரு சுத்து சுத்துவாங்களாம், சதை மேல மிதக்கும், விதை அடியில தங்கும். (வீட்டம்மா மிக்ஸியில முயற்சி செய்யாதீங்க.) ஆயிரக்கணக்குல நாற்று வளர்த்தா, ஒவ்வொண்ணும் வேற வேற குணம். எட்டு செட் குரோமோசோம் சீட்டுக் கட்டு மாதிரி கலையுது, மெண்டல் பட்டாணிக் கணக்கெல்லாம் இங்கே சுலபத்துல ஒட்டாது. அந்த ஆயிரத்துல தேறுறது ஒண்ணு ரெண்டு. தேறினதை ஓடுதண்டு வழியா நகல் எடுத்து, பல ஊர்ல பல வருஷம் நட்டுப் பார்த்துத்தான் பேரு வைப்பாங்க. ஒரு ரகம் கடைக்கு வர சர்வசாதாரணமா ஏழு, பத்து வருஷம் ஆகும். விதையில சூதாட்டம், ஓடுதண்டுல சேமிப்பு. கலப்பும் நகலும் ரெண்டுமே செடிக்குள்ளயே இருக்கிறதுதான் இந்தப் பயிரோட அதிர்ஷ்டம்.

குடும்பம் சின்னதா இருக்கிறதால அப்பப்போ காட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொந்தம் தேட வேண்டியிருக்கு. 1950கள்ல கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட், யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலையில இருந்து ஒரு காட்டு வர்ஜீனியாவைக் கொண்டு வந்தார். பழம் சாதாரணமா இருந்தாலும், பகல் நீளமோ குட்டையோ கவலைப்படாம பூக்கிற குணம் அதுக்கிட்ட இருந்துச்சு. திரும்பத் திரும்பக் கலந்து, 1979-ல அந்தக் குணத்தோட ரகங்கள் வெளிவந்துச்சு. வருஷத்துல பல மாசம் ஸ்ட்ராபெர்ரி கிடைக்கிறதுக்கு அந்த மலைச்செடி ஒரு முக்கியக் காரணம். ஒரே சீசன்ல நல்லாக் காய்க்கிறதை மட்டும் பார்க்கிறவன் அதைத் திரும்பிக் கூடப் பார்த்திருக்க மாட்டான்.

ஆண்-பெண் விஷயமும் இன்னும் முடியலை. காட்டு எட்டு-செட் ஸ்ட்ராபெர்ரிகள்ல, பெண்ணாக்குற ஒரு சின்ன மரபணுத் துண்டு ஒரு குரோமோசோம்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிக்கிட்டே வந்திருக்குன்னு 2018-ல ஒரு ஆராய்ச்சி வந்தது. கட் அண்ட் பேஸ்ட். 2019-ல தோட்ட ஸ்ட்ராபெர்ரியோட முழு மரபணு வரைபடமும் வந்தாச்சு.

துஷேன் அதுக்கப்புறம் பூசணி, சுரை வகைகள் மேல பெரிய ஆராய்ச்சி பண்ணினார். 1827 வரைக்கும் வாழ்ந்தார். கீன்ஸ் சீட்லிங் வந்தப்போ அவர் உயிரோடதான் இருந்தார், அதைச் சாப்பிட்டுப் பார்த்தாரான்னுதான் எனக்கு ஆசையா இருக்கு. ஃப்ரெசியே கடைசிக் காலத்துல பிரெஸ்ட்லயே கோட்டைகளுக்கு அதிகாரியா இருந்தார். 1773-ல இறந்தார். ப்ளூகஸ்தெல் அங்கே இருந்து கூப்பிடு தூரம், ஆக அவரோட பெண்கள் காய்க்கிறதை அவர் பார்த்திருக்கத்தான் வேணும். சிலியில பூரேன், கொந்துல்மோ பக்கத்து மலைச்சரிவுகள்ல இன்னைக்கும் சில குடும்பங்கள் அந்தப் பழைய வெள்ளை ஸ்ட்ராபெர்ரியைக் கொஞ்சம் கொஞ்சம் பயிர் பண்ணிட்டு வர்றாங்க. மத்த இடமெல்லாம் அதோட பிள்ளை பிடிச்சுக்கிச்சு.

பி.கு.: பிரஷ் வைத்தியம் ஆரம்பிச்சு ஆறு வாரம் ஆச்சு. நேத்து பறிச்ச பழத்துக்கு மூக்கு நேரா இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பையன் தின்னுட்டு, "புளிக்குது அங்கிள்"ன்னான்.